பழைய நகைக்கு எடை கேட்கிறோம்... பழைய பட்டுக்கு ஏன் கேட்பதில்லை? கட்டிய புடவையை வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

“பழைய பட்டுப் புடவை, கிழிஞ்ச பட்டுப் புடவை, ஜரிகை வேட்டி எடுக்கிறோம்மா...” தமிழ்நாட்டின் எந்த ஊர்த் தெருவிலும் கேட்கிற இந்த ஒலிபெருக்கிக் குரல் திருவண்ணாமலைக்கும் புதிதல்ல. அதே நேரத்தில் அதே தெருவில் இருக்கும் ஒரு பெண்ணின் போனில், ‘ப்ரீ-லவ்ட் காஞ்சிபுரம், ஒரே ஒரு தடவை கட்டியது, லைக் நியூ’ என்று ஒரு இன்ஸ்டாகிராம் ரீல் ஓடுகிறது. ஒரு பக்கம் பழைய பட்டு வீட்டை விட்டுப் போகிறது. இன்னொரு பக்கம் வேறொரு வீட்டின் பழைய பட்டு கூரியரில் வருகிறது.

இரண்டு இடத்திலும் நடக்கிற தவறு ஒன்றுதான். கொடுப்பவரும் சரி, வாங்குபவரும் சரி, துணியைச் சரியாகப் பார்ப்பதில்லை.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இது தூரத்து விஷயம் கிடையாது. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு இதே மாவட்டத்தில்தான் நெய்யப்படுகிறது. தேவிகாபுரமும் பட்டுத் தறிக்குப் பெயர் போன ஊர். தறியை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டும், பழைய புடவையின் விலையை எதிராளி சொல்வதுதான் கணக்கு என்று விட்டுவிடுகிறோம்.

ஒரே புடவை, இரண்டு விலை

பழைய பட்டுப் புடவைக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று, கட்டுவதற்கான விலை. துணி உறுதியாக இருக்கிறதா, நிறம் நிற்கிறதா, கறை உண்டா என்பதை வைத்து அது அமைகிறது. இன்னொன்று, உருக்குவதற்கான விலை. துணி கந்தலாகவே இருந்தாலும், அசல் ஜரிகையில் வெள்ளியும் கொஞ்சம் தங்கமும் இருக்கிறது. ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு ‘கிழிஞ்ச பட்டுப் புடவை’ கேட்பது இதற்காகத்தான்.

காஞ்சிபுரத்தில் இருக்கும் அரசு நிறுவனமான தமிழ்நாடு ஜரி லிமிடெட்டின் அசல் ஜரிகைக்குச் சொல்லப்படும் கலவை இது: வெள்ளி 40 சதவீதம், செம்பு 35.5 சதவீதம், பட்டு நூல் 24 சதவீதம், தங்கம் 0.5 சதவீதம். இந்த அளவு காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. வெள்ளி இதைவிடக் கூடுதலாக இருந்த காலமும் உண்டு.

ஒரு கணக்குக்கு, ஒரு புடவையில் 100 கிராம் அசல் ஜரிகை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் 40 கிராம் வெள்ளி, அரை கிராம் தங்கம். வெள்ளி கிராம் வெறும் 100 ரூபாய் என்று போட்டால்கூட வெள்ளிக்கு மட்டும் 4,000 ரூபாய் வருகிறது. தங்கம் தனி. உருக்கிப் பிரிக்கும் கூலி, சேதாரம், வியாபாரியின் லாபம் எல்லாம் கழியத்தான் செய்யும். ஆனாலும் ‘ஒரு புடவைக்கு இவ்வளவு’ என்று கண்ணால் பார்த்துச் சொல்லும் சில நூறு ரூபாய்க்கும் இந்தக் கணக்குக்கும் இடையே பெரிய பள்ளம் இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. ஜரிகை போலியாக இருந்தால் உருக்குகிற விலை பூஜ்ஜியம்தான். அந்தப் புடவையை ‘அசல் ஜரிகை’ என்று நம்பி 6,000 ரூபாய்க்கு இணையத்தில் வாங்குபவருக்கு மொத்தமும் நஷ்டம். அவருக்குத் துணியின் உறுதி மட்டும்தான் மிச்சம். அதுவும் இத்துப்போயிருந்தால்?

வெட்கம்தான் முதல் நஷ்டம்

பழைய நகையை மாற்றப் போகிறவர் கூசாமல் கேள்வி கேட்கிறார். எத்தனை கிராம், எவ்வளவு கழிக்கிறீங்க, இன்னைக்கு ரேட் என்ன? தராசு கண் எதிரே இருக்கிறது. 2021 ஜூன் முதல் தங்க நகைக்கு ஹால்மார்க் கட்டம் கட்டமாகக் கட்டாயமாகியிருக்கிறது. பட்டுப் புடவை என்று வந்தால் இந்தத் தைரியம் காணாமல் போகிறது.

காரணம் வெட்கம். புடவையை விற்பது தெரிந்தால் ‘கஷ்டம் போல’ என்று அக்கம்பக்கம் பேசுமோ என்ற தயக்கம். அதனால் வாசலிலேயே சட்டென்று முடித்து அனுப்பிவிடுகிறார்கள். வாங்குபவருக்கு வேறு தயக்கம்: ‘அடுத்தவங்க கட்டுன புடவையா?’ அதனால் யாருக்கும் காட்டாமல், யாரிடமும் கேட்காமல் ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். அம்மாவிடம் காட்டியிருந்தால் இரண்டு நிமிடத்தில் குறையைச் சொல்லியிருப்பார்.

இத்தனைக்கும் பயன்படுத்திய துணி நமக்குப் புதிதில்லை. அக்காவின் பாவாடை தங்கைக்கு வந்திருக்கிறது. அம்மாவின் கல்யாணப் புடவை மகளின் நிச்சயதார்த்தத்துக்கு வெளியே வந்திருக்கிறது. பழைய துணியைப் போட்டு எவர்சில்வர் பாத்திரம் வாங்கிய வீடுகள் எத்தனையோ. உறவுக்குள் நடந்தபோது துணியின் வரலாறு தெரிந்திருந்தது. எந்த விசேஷத்துக்குக் கட்டினது, எங்கே காபி கொட்டினது என்று எல்லாம் தெரியும். முன்பின் தெரியாதவரிடம் வாங்கும்போது அந்த வரலாறு கிடைக்காது. அதைத் துணியிலிருந்துதான் படிக்க வேண்டும்.

எங்கெல்லாம் பார்க்கணும்?

ஜவுளிக்கடை வெளிச்சத்தில் எல்லாப் புடவையும் அழகுதான். பழைய புடவையைப் பகல் வெளிச்சத்தில், முழுசாகப் பிரித்துப் பாருங்கள். விற்பவர் மடித்து வைத்த நிலையிலேயே காட்டினால், பிரிக்கச் சொல்லுங்கள்.

*மடிப்பு:* பழைய பட்டு முதலில் விட்டுக்கொடுப்பது மடிப்புக் கோட்டில். ஒரே மடிப்பில் பல வருஷம் பீரோவில் கிடந்த புடவையில் இழைகள் அந்தக் கோட்டிலேயே முறிந்திருக்கும். புடவையை ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். மடிப்பில் ஊசிக்கண் போல வெளிச்சம் தெரிந்தால், கட்டும்போது அது அங்கேதான் கிழியும். மடிப்பின் இரு பக்கமும் விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். நல்ல பட்டு தாங்கும். இத்துப்போனது ‘சர்’ என்று விலகும். இந்தக் குறைக்கு நிரந்தரத் தீர்வு கிடையாது. எவ்வளவு விலை குறைத்தாலும் கட்டுவதற்கு வாங்க வேண்டாம்.

*ஃபால்ஸுக்கு அடியில்:* பலரும் பார்க்காத இடம் இது. ஃபால்ஸ் தைத்த ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி, அடியில் இருக்கும் துணியின் நிறத்தையும் வெளியே இருக்கும் நிறத்தையும் ஒப்பிடுங்கள். ஃபால்ஸ் மறைத்திருந்த இடம் வெயிலும் சலவையும் அதிகம் பார்க்காதது. இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால், ‘ஒரே ஒரு தடவை கட்டியது’ என்ற பேச்சை நம்ப வேண்டியதில்லை.

*கீழ்க் கரையும் கொசுவமும்:* கொலுசும் மெட்டியும் மாட்டி இழை இழுத்திருக்கும். தரையில் உரசிய அழுக்கும் இங்கேதான் சேரும்.

*தோள்பட்டை:* சேஃப்டி பின் குத்திக் குத்தி ஓட்டை பெரிதாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டு சின்ன ஓட்டைகள் சகஜம். இழை கிழிந்து நீண்டிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

*இடுப்பில் சொருகும் இடம்:* வியர்வை பட்டின் பெரிய எதிரி. நிறத்தையும் மங்கவைக்கும், இழையையும் பலவீனமாக்கும். ரவிக்கையும் சேர்த்து விற்றால் அக்குள் பகுதியை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். அங்கே நிறம் மாறியிருந்தால் அது அழுக்கு கிடையாது, சாயமே போய்விட்டது. எந்தச் சலவையும் திருப்பித் தராது.

*கோர்வை:* உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருக்கும் கைத்தறிப் பட்டில், இரண்டையும் தறியிலேயே கோத்து நெய்வது கோர்வை. அந்தச் சேர்க்கை நெடுக விரலை ஓட்டுங்கள். இடையில் விட்டிருந்தாலோ, மேலே தையல் போட்டு ஒட்டியிருந்தாலோ விரலுக்கே தெரிந்துவிடும்.

*நீளம்:* புடவை பொதுவாக ஐந்தரை மீட்டர். ரவிக்கைத் துணி சேர்ந்திருந்தால் ஆறு மீட்டருக்கு மேல் வரும். முந்தானையில் கிழிந்த பகுதியை வெட்டிவிட்டு விற்பதும் உண்டு. டேப் வைத்து அளந்தால் முடிந்தது.

*சாயமும் வாசனையும்:* வெள்ளைக் கைக்குட்டையை லேசாக நனைத்து, உள்பக்க ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அடுத்த சலவையில் கரைக்கும் உடலுக்கும் சாயம் கலக்கும். பாச்சா உருண்டை வாசம் காற்றாட வைத்தால் போய்விடும். பூஞ்சை வாசம் அப்படிப் போகாது. வெள்ளையாகவோ கறுப்பாகவோ புள்ளிகள் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்துப்பூச்சி அரித்த சின்னச் சின்ன ஓட்டைகளும் வெளிச்சத்தில்தான் தெரியும்.

புதிதாகப் பாலிஷ் போட்டு, ரோல் செய்து மொறுமொறுவென்று வரும் பழைய புடவையிடம் கூடுதல் கவனம் வேண்டும். பாலிஷ் தப்பான விஷயம் இல்லை, நல்ல புடவைக்கும் போடுவார்கள். ஆனால் அந்த விறைப்பில் துணியின் தளர்ச்சி தெரியாது. அதனால் மடிப்பையும் வெளிச்சத்தையும் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.

பட்டுதானா? ஜரிகைதானா?

புதுப் புடவை என்றால் சில்க் மார்க் அட்டை இருக்கும். மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-ல் வந்தது இது. ஆனால் சில்க் மார்க் சொல்வது பட்டு சுத்தமா என்பதை மட்டும்தான். ஜரிகையில் எவ்வளவு வெள்ளி என்று அது சொல்லாது. பழைய புடவையில் அந்த அட்டையும் இருக்காது. யாராவது வேறொரு அட்டையைக் கட்டி அனுப்பினாலும் நமக்குத் தெரியப்போவதில்லை.

வீட்டில் செய்யக்கூடியது இழைச் சோதனை. முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரே ஒரு இழையை எடுத்து, புடவையை விட்டுத் தள்ளி வந்து கொளுத்துங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாசம் வரும், நெருப்பை எடுத்ததும் அணையும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான உருண்டையாகும். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசம். ஒரு எச்சரிக்கை: பாவு பட்டாகவும் ஊடை வேறாகவும் இருக்கலாம். அதனால் பாவிலும் ஊடையிலும் தனித்தனியாக ஒரு இழை எடுத்துப் பார்ப்பது நல்லது. விற்பவரின் அனுமதி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

ஜரிகையில் மூன்று வகை புழக்கத்தில் இருக்கிறது. அசல் ஜரிகையில் பட்டு நூலைச் சுற்றி வெள்ளிக் கம்பி, அதன் மேல் தங்க முலாம். ‘டெஸ்டட்’ என்று சொல்லப்படுவதில் வெள்ளிக்குப் பதில் பெரும்பாலும் செம்பு. மூன்றாவது பளபளப்பான பிளாஸ்டிக் இழை. அசல் ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் போலிக்குள்ளும் சிவப்பு நூல் வைப்பது கஷ்டமான வேலை இல்லை. வெள்ளை நூல் தெரிந்தால் சந்தேகப்படலாம், சிவப்பு தெரிந்துவிட்டதாலேயே நம்பிவிடக் கூடாது.

வயதும் துப்புக் கொடுக்கும். வெள்ளி காற்றிலும் வியர்வையிலும் கறுக்கும். அதனால் பழைய அசல் ஜரிகை கொஞ்சம் மங்கியிருப்பது இயல்பு. செம்பு என்றால் முலாம் தேய்ந்த இடத்தில் செந்நிறம் எட்டிப்பார்க்கும். இருபது வருஷப் புடவை என்று சொல்லியும் ஜரிகை நேற்று வாங்கியது போல மின்னினால், அது பிளாஸ்டிக்காக இருக்க வாய்ப்பு அதிகம். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் கருவிச் சோதனைதான். நகையின் தரம் பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி ஜரிகையில் என்ன உலோகம் இருக்கிறது என்பதையும் காட்டும்.

சட்டை, ஜீன்ஸ் வாங்குபவர்களுக்கு இவ்வளவு வேலை இல்லை. காலர் மடிப்பு, கைப்பட்டி ஓரம், அக்குள், ஜீன்ஸில் உள்தொடை ஆகிய நான்கு இடங்களில் துணி மெலிந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஜிப்பை மூன்று தடவை ஏற்றி இறக்குங்கள். எலாஸ்டிக்கை இழுத்துவிட்டால் பழைய இடத்துக்கு வர வேண்டும். பட்டன் போனால் பத்து ரூபாயில் மாற்றிவிடலாம். துணி மெலிந்தால் மாற்ற முடியாது.

போனில் வாங்கும்போது?

துணியைத் தொட முடியாத இடத்தில் கேள்விதான் விரல். கேட்க வேண்டிய ஐந்து இருக்கிறது: ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த வீடியோ, மடிப்பின் கிட்டத்துப் படம், ஃபால்ஸ் ஓரத்தின் படம், ஜரிகையின் பின்பக்கம், டேப் வைத்து அளந்த நீளம். நேர்மையான விற்பனையாளருக்கு இது ஐந்து நிமிட வேலை. ‘நிறைய பேர் கேட்கிறாங்க, உடனே பணம் போடுங்க’ என்று பதில் வந்தால், வேறு யாராவது வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது உத்தமம்.

ஆரணிப் பட்டைக் காஞ்சிபுரம் என்று சொல்லி விற்பதையும் கவனிக்க வேண்டும். ஆரணிப் பட்டு மட்டம் என்று அர்த்தமில்லை. பொதுவாக எடை குறைவு, நாள் முழுக்கக் கட்டியிருக்க வசதி, விலையும் குறைவு. ஆரணி என்று சொல்லியே விற்கலாம். வேறு ஊரின் பெயரைப் போட்டு விலையை ஏற்றும்போது, வாங்குபவரும் ஏமாறுகிறார், நெய்தவரின் ஊருக்குக் கிடைக்க வேண்டிய பெயரும் போகிறது.

‘நோ ரிட்டர்ன், நோ ரீஃபண்ட்’ என்று போட்டுவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் வந்த 2020 மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத, குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. ஆனால் தன் பீரோவில் இருக்கும் ஒரு புடவையை எப்போதோ ஒருமுறை விற்கும் தனிநபருக்கு இந்த விதிகள் பொருந்தாது. தொடர்ந்து தொழிலாக விற்பவருக்குத்தான். அதனால் ரீல், சாட், பணம் கட்டிய விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பார்சலைப் பிரிப்பதை வெட்டாமல் வீடியோ எடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கோயில் புடவைக்கும் இது பொருந்துமா?

உண்ணாமுலையம்மனுக்குப் புடவை சாத்துவதாக வேண்டிக்கொள்பவர்கள் உள்ள ஊரில் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். அம்மனுக்குச் சாத்திய புடவைகளை விற்பதும் ஏலம் விடுவதும் தமிழகக் கோயில்கள் பலவற்றில் உள்ள வழக்கம். அந்தப் புடவையைப் பிரசாதமாக வாங்குபவர் மடிப்பைப் பிரித்துப் பார்க்கப் போவதில்லை, பார்க்க வேண்டியதும் இல்லை. அவர் வாங்குவது துணியை அல்ல. ஆனால் ‘அம்மனுக்குச் சாத்தியது’ என்று சொல்லி வெளியே ஒருவர் இரண்டு மடங்கு விலைக்கு விற்றால், அது சாதாரண வியாபாரம். அங்கே எல்லாக் கேள்வியும் கேட்கலாம்.

என்ன மாறணும்?

வாங்குபவர் உஷாராக இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவது நியாயமாக இருக்காது. சந்தையும் கொஞ்சம் மாற வேண்டும்.

முதலாவது, ‘லைக் நியூ’ என்ற வார்த்தைக்கு ஒரு அளவுகோல். ஜப்பானின் மெர்காரி செயலியில் பயன்படுத்திய பொருளை விற்பவர் அதன் நிலையை ஆறு படிகளில் ஒன்றாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘புதிது, பயன்படுத்தாதது’ என்பதில் தொடங்கி ‘மொத்தத்தில் நிலை மோசம்’ என்பது வரை படிகள் இருக்கின்றன. மோசமான பொருளும் அங்கே விற்கிறது, மோசம் என்று சொல்லியே விற்கிறது. தமிழில் புடவை விற்கும் பக்கங்கள் இப்படி ஒரு படிவரிசையைத் தாங்களாகவே வைத்துக்கொள்ள அரசாணை தேவையில்லை. வீட்டிலிருந்து சின்ன அளவில் விற்கும் பெண்களுக்கு இது சுமை ஆகிவிடாதா என்று கேட்கலாம். யோசித்தால் நேர்மாறு. குறையை முன்னாலேயே சொல்லி விற்ற புடவை திரும்பி வராது, கமென்ட்டில் சண்டையும் வராது.

இரண்டாவது, ஜரிகைச் சோதனை. கோ-ஆப்டெக்ஸ் 1935-ல் தொடங்கிய நிறுவனம், ஊர் ஊருக்குக் கடை வைத்திருக்கிறது. மாவட்டத் தலைநகரங்களில், குறைந்தபட்சம் ஆரணி போன்ற நெசவு ஊர்களிலாவது, கட்டணம் வாங்கிக்கொண்டு பழைய ஜரிகையைச் சோதித்து ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கும் கவுன்ட்டர் இருந்தால் போதும். வாசலில் நிற்கும் வியாபாரியிடம் பேச ஒரு காகிதம் கையில் இருக்கும். இணையத்தில் விற்பவரும் அதையே படம் பிடித்துப் போடலாம்.

மூன்றாவது மாற்றத்துக்கு யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். பழைய பட்டை விற்கப் போகிறீர்களா? முதலில் கட்டக்கூடிய நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உருக்கக் கொடுக்காதீர்கள், கட்டுபவருக்கு விற்றால் அனேகமாகக் கூடுதல் விலை வரும். துணி இத்துப்போய்விட்டதா? அப்போது எடை போடச் சொல்லுங்கள், ஜரிகைக் கணக்கைக் கேளுங்கள், ஒருவருக்கு இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். வாங்கப் போகிறீர்களா? புடவையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு தடவை காட்டுங்கள். கட்டிய புடவையை வாங்குவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ‘பிரிச்சுக் காட்டுங்க’ என்று கேட்கக் கூச்சப்படுவதுதான் காசைக் கரைக்கிறது.